சஹனில் இரண்டு இடம் காலி

ஞாயிற்றுக்கிழமை பகல் பெண் பார்க்க வருகிறார்கள். பெண்ணின் தாய் ஸீனத்தால் தரையில் உட்கார முடியாது. பிரச்சினை இவ்வளவுதான்.

"மேசைல சாப்பாடு வைப்பமே, தாத்தா," என்றாள் ஸீனத்.

தாத்தா என்று அவள் கூப்பிடும் மூத்த சகோதரி பைறோஸா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினாள். "என்னத்த செல்ற? மாப்புள வூட்டார் கொட்டாஞ்சேனைல மூணு தலமுறயா ஈக்கிற குடும்பம். பாய் விரிச்சி சஹன் வைக்காம, கடைல மாதிரி மேசைலயா?"

ஆறு பேர் ஒரே பெரிய தட்டைச் சுற்றித் தரையில் அமர்ந்து உண்பதுதான் சஹன். அதில் ஒருத்தி மட்டும் கதிரையில் இருந்துகொண்டு எட்டி எடுக்க முடியாது.

ஸீனத்தின் வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோயிருந்தது. முதலில் நோவு முழங்காலில்தான் தெரிந்தது. ஒரு வருடமாக எண்ணெய் பூசி, பட்டி கட்டி, ஒரு குற்றமும் செய்யாத அந்த முழங்காலைப் பாடாய்ப் படுத்தினாள். எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் குற்றவாளி இடுப்பு என்று தெரிந்தது. பிறகு உடற்பயிற்சி, நிறை குறைப்பு, மாத்திரை, இடது கையில் கைத்தடி. எல்லாம் கொஞ்ச காலம் கைகொடுத்தன. இப்போது படுக்கையில் புரளவும் முடியவில்லை.

"மூட்டு மாத்துறதுதான் இனி வழி," என்று டொக்டர் சொல்லிவிட்டார். மகளின் கல்யாணம் முடியட்டும் என்று ஸீனத் சொல்லிவிட்டாள்.

வெளியே தெரிந்தால் எலும்பு வருத்தம் பரம்பரையாக வரும் குடும்பம் என்பார்கள். மகள் ஆதிபாவோ, பார்க்க வரும் பையன் இன்ஸாப்பைத் தவிர வேறு யாரையும் கட்டுவதில்லை என்று அழுது தீர்த்திருந்தாள். தன் இடுப்பால் பிள்ளையின் வாழ்க்கை கெட்டுவிடுமோ என்று ஸீனத்துக்கு உள்ளூர நடுக்கம். கைத்தடி அலுமாரிக்குப் பின்னால் போனது.

"நோன்பு எண்டு செல்லு," என்று பைறோஸா வழி காட்டினாள். "ரமழான்ல விட்ட களா நோன்பு. ஆரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க."

நோன்பைப் பற்றிப் பொய் சொல்வது ஸீனத்தின் நெஞ்சைக் குத்தியது. ஆனால் இடுப்பு அதைவிடக் கூடுதலாகக் குத்தியது.

பன்னிரண்டரைக்கு, வெள்ளவத்தையில் ஸீனத்தின் வீடு இருக்கும் மூன்றாம் மாடியில் லிஃப்ட் திறந்தது. ஆண்கள் முன்னறைக்குப் போனார்கள். பையனின் தாய் பஹ்மிதா நிமிர்ந்து, சீராக நடந்து வந்தாள். தன்னைவிட ஐந்து வயது மூத்தவள் இப்படி நடக்கிறாளே என்று ஸீனத்துக்குப் பொறாமையாக இருந்தது. வாசலில் பஹ்மிதாவின் தங்கை ஷிம்னா குனிந்து அக்காவின் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"செருப்புக் கழட்டவும் ஆளோட வந்தீக்கிறா," என்று பைறோஸா காதில் முணுமுணுத்தாள்.

புது உறை போட்ட தாழ்ந்த சோபா செட்டியை பஹ்மிதா ஒரு பார்வை பார்த்தாள். "வாணாம். நான் கதிரைல இரிக்கிறேன்."

"எங்கட செட்டி ராணிக்குப் புடிக்கல்ல," என்றாள் பைறோஸா, மறுபடியும் காதில்.

பாய் விரித்து, புரியாணி நிரம்பிய சஹனை வைத்தார்கள். ஷிம்னா தன் மகளோடு முதல் ஆளாக உட்கார்ந்தாள்.

"நீங்க எல்லாரும் இரிங்க," என்றாள் ஸீனத். "எனக்கு இண்டைக்கு களா நோன்பு."

பஹ்மிதாவின் முகம் ஒரு கணம் வெளுத்தது. "எனக்கும் களா நோன்புதான்," என்றாள்.

ஆக, நான்கு பேர் கீழே சாப்பிட, இரண்டு தாய்மாரும் கதிரைகளில் எதிரெதிரே விறைத்து இருந்தார்கள். ஒரு மணிக்குப் போட வேண்டிய நோவு மாத்திரை பிரிஜ்ஜுக்கு மேலே இருந்தது. நோன்பாளி எப்படித் தண்ணீர் குடிப்பாள்? நேரம் போகப் போக இடுப்பு இறுகியது.

அச்சாறு எடுக்க எழும்பிய பைறோஸா மீண்டும் காதுக்கு வந்தாள். "இவக்கு நோன்புமில்ல, ஒண்டுமில்ல. எங்கட வூட்டுச் சோறு வாயில படக்கூடாண்டு வந்தீக்கிறா. பொண்ணு புடிக்கல்ல."

ஆதிபா பாயில் இருந்தபடி தாயைப் பார்த்தாள். அவளுக்கும் அது விளங்கிவிட்டது. கண் நிறைந்து, கை சோற்றில் அப்படியே நின்றது.

ஸீனத்தால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"பஹ்மிதா, எனக்கு நோன்பில்ல. பொய் செல்லிட்டேன், மன்னிச்சிக்கோங்க. நான் இப்ப எல்லாரோடயும் இரிந்து திங்கிறேன். நீங்களும் நோன்பு தொறக்க எங்கட சோறு கொஞ்சம் எடுத்துப் போகோணும்."

"அப்ப என்னத்துக்குப் பொய் சென்னீங்க?"

கதிரையைப் பிடித்துக்கொண்டு ஸீனத் கீழே இறங்கினாள். பாதி வழியில் இடுப்பு மாட்டிக்கொண்டது. மீதி வழியை ஒரேயடியாக இறங்கினாள். வலது கை புரியாணிக்குள் போனது. மடக்கவும் முடியவில்லை, எழும்பவும் முடியவில்லை.

"இடுப்பு தேஞ்சீக்கி," என்று விம்மினாள். "மாத்தோணுமாம். எனக்கு மட்டுந்தான். எண்ட புள்ளைக்கு ஒண்டுமில்ல, பஹ்மிதா."

பஹ்மிதா எழுந்து நின்றாள். ஆனால் குனியவில்லை, ஒரு கைகூட நீட்டவில்லை.

"மனுஷி விழுந்து கிடக்கிறா, மரம் மாதிரி பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே!" இந்தத் தடவை பைறோஸா காதைத் தேடவில்லை. தங்கையின் கையைப் பிடித்து இழுக்கப் போனாள்.

"இழுக்க வாணாம்!" பஹ்மிதாவின் குரல் அதட்டலாக வந்தது. "கதிரைய கிட்டத் தள்ளுங்க. ஸீனத், மெதுவாத் திரும்பி முழங்கால்ல நில்லுங்க. இப்ப நோகாத கால முன்னுக்கு ஊண்டுங்க. ரெண்டு கையாலயும் கதிரைய அமத்துங்க. ம்... எழும்புங்க."

ஸீனத் எழும்பிவிட்டாள்.

"நீங்க என்ன, நர்ஸா?" என்று கேட்டாள் பைறோஸா.

வந்ததிலிருந்து சாப்பிட மட்டுமே வாய் திறந்த ஷிம்னா வட்டிலாப்பக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நர்ஸுமில்ல, நோன்புமில்ல. தாத்தாக்கு இடுப்பு மாத்தி மூணு மாசம், இன்னம் குனியவோ கீழ இரிக்கவோ வாணாண்டு டொக்டர் செல்லீக்கிறார். அது தெரிஞ்சா நீங்க பொண்ணு தர மாட்டீங்கண்டு காலைல இரிந்து பயந்து சாகுறா."