மிலானில் என் நாலரை விரல்

கரவனெல்ல பக்கம், ரப்பர் தோட்டம், மேப்பிரிவு
12.11.2006

பாசமுள்ள கொழுந்தியாள் சுகந்திக்கு, உன் காலஞ்சென்ற அக்காள் மரியாயியின் புருஷன், அதாவது உன் ஒரே மச்சான், எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகன் ஸ்டீபனும் சுகம். என் பல்லு மட்டும் சுகமில்லை, அதுவும் மூன்றுதான் பாக்கி. மிலானில் உன் சுகத்தையும், நீ குளிப்பாட்டி விடுகிற அந்த வெள்ளைக்காரக் கிழவியின் சுகத்தையும் மாதா பார்த்துக்கொள்வாளாக.

விஷயம் என்னவென்றால், போன வருஷம் கொழும்பிலிருந்து ஒரு சித்திரக்கார நோனா, சிங்கள அம்மா, வேன்ல வந்துச்சு. பால் வெட்டுறவங்க போட்டுக் கிழிஞ்ச சட்டை குடுத்தா இடுப்புல கட்டிக்க ஒரு புதுச் சாரம் தருவேன்னுச்சு. ரப்பர் பால் பட்ட கறை என்ன தொவைச்சாலும் போகாதுல்ல, அந்தக் கறைதான் சித்திரமாம். லயத்து வரிசை வீடு மொத்தமும் சிரிச்சுச்சு. நான் என் சட்டையக் குடுத்து ஒரு சாரம் வாங்குனேன். அதோட நின்னிருக்கலாம். பச்சக் கலர்ல இன்னொரு சாரம் கண்ணடிச்சுச்சு புள்ள. கதவுக்குப் பின்னால ரெண்டு வருஷமா தொங்குன ஒங்கக்கா சட்டைய எடுத்து, "இதுவும் என்னுதுதான் நோனா"ன்னு நீட்டிட்டேன்.

அந்தச் சட்டை ஒனக்குத் தெரியாது. அவ வேலைக்குப் போன கடைசி வருஷம், மலையில குனிஞ்சு பால் வாளிய எடுத்துக்கிட்டிருந்தா. நான் கையப் பாலுக்குள்ள முக்கி முதுகுல பளார்னு ஒன்னு வச்சேன், சும்மா வெளையாட்டுக்கு. மூனு நாள் பேசல. கறை காஞ்சு கறுத்துப்போச்சு, நாலரை விரலு. அரை விரலு, பால் கத்தி தின்ன விரலு. நோனா முதுகத் திருப்பிப் பாத்து, "சீயா, மே மொகக்த?"ன்னு, தாத்தா, இது என்னன்னு கேட்டுச்சு. "பேய் அறைஞ்சது நோனா"ன்னேன். பயபக்தியா எழுதிக்கிச்சு.

இந்த மாசம் அதே நோனா பளபளன்னு ஒரு பொஸ்தகத்தோட வந்துச்சு. ஒங்க மிலான்ல பெரிய பணக்காரிங்களுக்கு உடுப்பு தைக்கிற ஒரு கம்பெனியாம், அந்தக் கம்பெனியும் நோனாவும் கூட்டாம், சித்திரம் நோனாவோடது, தையல் அவங்களோடது. பக்கத்தத் திருப்புறேன், சாப்பாடே காணாத ஒரு வெள்ளைக்காரி பட்டுக் கோட்டு போட்டு நடந்து போறா, முதுகுல என் நாலரை விரல்! பக்கத்து லயத்துச் செல்வநாயகம் எட்டிப் பாத்துட்டு, "அடப் பாவி, கடல் தாண்டிப் போயி பொம்பளப் புள்ள முதுகுல தட்டியிருக்கியே, ஃபாதர்கிட்ட சொன்னியா?"ங்கிறான். நான் நெசமாவே போய்ப் பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். "எத்தன பேரு முதுகுல?"ன்னு கேட்டாரு ஃபாதர். "கம்பெனி எத்தன கோட்டு தைக்குதுன்னு தெரியல சாமி"ன்னேன். அவரு அந்தப் பக்கம் இருமுன இருமல் சிரிப்பு மாதிரிதான் இருந்துச்சு.

எல்லாரும் சிரிச்சாங்க, ஸ்டீபன் மட்டும் சிரிக்கல. பொஸ்தகத்தப் பாத்தான், கதவுக்குப் பின்னால, ஒரு வருஷமா நான் பச்சச் சாரத்தத் தொங்கவிட்டு மறைச்ச ஆணியப் பாத்தான். "அப்பா, அம்மா சட்ட எங்க?"ன்னான். நான் பச்சச் சாரத்தோட நின்னேன். அன்னையிலருந்து சோறு போட்டுத் தாரான், பேச்சு இல்ல. எனக்கும் அந்த ஆணியப் பாக்க முடியல புள்ள. முந்தி எல்லாம் வெளிய போறப்போ அந்தச் சட்டைகிட்ட, "போய்ட்டு வாரேன் கெழவி"ன்னு சொல்லிட்டுத்தான் போவேன். இப்பவும் வாயில வருது. ஆணிகிட்ட என்னத்தச் சொல்ல? நோனா மறுபடி வந்தப்போ ரெண்டு சாரத்தையும் தொவைச்சு மடிச்சு அதுகிட்ட நீட்டி, சட்டையக் குடும்மான்னேன். அது கண்ணு கலங்கிருச்சு, ஆனா சட்டை மிலான் கடையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்காம், கம்பெனிக்குச் சொந்தமாம். கடை வெலாசத்த மட்டும் எழுதிக் குடுத்துச்சு, இதோட வச்சிருக்கேன்.

அதனால நீ ஒடனே போய்க் கேக்கணும். எங்கக்காவோடதுன்னு சொல்லு. தரமாட்டேன்னா அழு. எங்க கல்யாணத்துல லட்டு முடிஞ்சிருச்சுன்னு தரையில உருண்டு அழுதியே, அந்த மாதிரி. அந்த அழுகைக்கு வெள்ளைக்காரன் கண்ணாடியையும் சேத்துக் குடுத்துருவான்.

மிச்சத்தை மாதாவிடம் விட்டு, உனக்கும் உன் கிழவிக்கும் நீண்ட ஆயுசும் எனக்கு நல்ல புகையிலையும் வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
அடங்காத உன் மச்சான்

பி.கு.: புள்ள, மேல எழுதுனத விட்ரு. சட்டையக் கேக்காத. ஸ்டீபன்கிட்ட வாசிக்கக் குடுத்தேன், ரெண்டு தடவ வாசிச்சான். பொறகு பேசுனான். நீ பிளேன் ஏறுனப்போ அவங்கம்மா, "எனக்கு ஒரு தடவ மிலான் காட்ட மாட்டாளா"ன்னு கேட்டுச்சாம், நான் சிரிச்சேனாம். எனக்கு ஞாபகமே இல்ல. அவ போன தூர தேசம் கரவனெல்ல ஆஸ்பத்திரிதான். அதனால இருக்கட்டும், மிலான் போனவ அங்கயே இருக்கட்டும். லீவு கெடைக்கிற அன்னைக்கு நீ போய்க் கொஞ்ச நேரம் அந்தக் கண்ணாடிப் பெட்டி பக்கத்துல நின்னு, ஏதாவது பேசிட்டு வா. அவளுக்கு அந்த ஊர்ப் பேச்சு தெரியாது.