சறுக்கு வண்டியில் வந்த அம்மன்

இலங்கை மலைநாட்டில் ஹட்டனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் கிறுக்கர்களுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. நானே ஒரு டஜன் பேரோடு பழகியிருக்கிறேன். ஆனால் மாரியம்மனைப் பனிநாட்டுச் சறுக்கு வண்டியில் ஏற்றி மலையிலிருந்து இறக்கிய கிறுக்கர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரை எல்லோரும் வடதுருவம் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று தோட்டத்துப் பதிவேட்டில் இருந்திருக்கும். பதிவேட்டை எழுதும் கிளாக்கரே அவரை "வடதுருவம்!" என்று கூப்பிட்டதால் அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

எழுபதுகளின் கடைசி. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர். வடதுருவத்துக்குத் தேயிலை பெக்டரியில் வேலை. கொழுந்து காயவைக்கும் அடுப்புக்கு விறகு தள்ள வேண்டும். தோட்டமே கம்பளிக்குள் நடுங்கும் ஜனவரியிலும் வெற்றுடம்பில் வேர்வை ஒழுக நிற்கும் ஒரே மனிதர் அவர். அந்த அடுப்பு வாசலில் நின்றுகொண்டு பேசுவதெல்லாம் உறைபனியைப் பற்றித்தான்.

"மாஸ்டர், அங்கல்லாம் வெந்நிய வீசுனா கீழ விழுறதுக்குள்ள பனியாப் போயிருமாம்."

"எங்கண்ணே?"

"அங்கதான்" என்று விறகுக் கட்டையால் வடக்கே காட்டுவார். வடக்கே பெக்டரி கக்கூஸ்தான் இருந்தது.

இந்தப் பைத்தியம் அவரைப் பிடித்தது ஹட்டன் பஜாரில். ஒரு பலசரக்குக் கடையில் கருவாடு வாங்கியிருக்கிறார். கடைக்காரர் ஏதோ ஒரு பெரிய படப் புத்தகத்தைக் கிழித்துக் கிழித்துச் சரக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். வெளிநாட்டுத் தாள், தமிழில் அச்சு. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து பொட்டலத்தைப் பார்த்தவர், அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கித் திரும்பி ஓடினார். ஒரு கட்டுப் பழைய பேப்பரைச் சேர்த்துச் சுமந்துபோய்க் கொடுத்து மீதிப் புத்தகத்தை மீட்டார். அதோடு விட்டிருந்தால் அவர் சாதாரண மனிதர். தனக்கு முன்னால் அந்தக் கடையில் சாமான் வாங்கியவர்கள் யார் யார் என்று விசாரித்து, வீடு வீடாகப் போய், "உங்க வீட்டு மல்லி எந்தத் தாள்ல வந்துச்சு?" என்று கேட்டு மேலும் பதினொரு பக்கங்களைத் தேடிப் பிடித்தார்.

அட்டையும் முதல் பக்கங்களும் மட்டும் கிடைக்கவில்லை. அவை மாசிக் கருவாட்டைச் சுற்றிக்கொண்டு பூண்டுலோயாவில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டன. மனிதர் அங்கேயும் போனார். "கல்யாணம் முடிஞ்சு பொண்ணே புருசன் வீட்டுக்குப் போயிருச்சு. நீங்க தாளைக் கேட்டு வந்து நிக்கிறீங்களே!" என்று விரட்டிவிட்டார்களாம். ஆகவே அது எந்த நாடு என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. மற்றதெல்லாம் தெரியும். மரமே முளைக்காத வெளி, கோடையில் மறையாத சூரியன், குளிர்காலத்தில் இரண்டு மாதம் எட்டிப் பார்க்காத சூரியன், கம்புகளை நட்டுத் தோல் போர்த்திய கூடாரங்கள், வண்டி இழுக்கும் பனிமான்கள், ரோம அங்கியின் ஓரத்தில் மான்கொம்புக் கோலம் தைக்கும் பெண்கள் எல்லாம் அவருக்குப் பக்கத்து லயத்து வரிசை வீடுகள் போல அத்துபடி. அந்த ஊர்க்காரர்கள் எலும்பில் உருவங்கள் செதுக்குவதைப் பார்த்து, இவர் பிடுங்கிப்போட்ட தேயிலை வேரில் ஒரு வெள்ளைக்கரடி செதுக்கினார். பார்த்தவர்கள் எல்லோரும் பன்றி நன்றாக இருக்கிறது என்றார்கள். அவர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. அடுத்த கரடியைச் செதுக்க ஆரம்பித்தார். அதுவும் பன்றியாகவே வந்தது.

இனி, விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்தின் பிரிவுகளை நாங்கள் கணக்கு என்போம். எங்கள் தோட்டத்தில் மேல்கணக்கு, கீழ்கணக்கு என்று இரண்டு. கோயில் மேல்கணக்கில். வடதுருவத்தின் லயம் கீழ்கணக்கில். நடுவே செங்குத்தான சரிவும் முன்னூற்றுச் சொச்சம் படிகளும். அந்தப் படியில் ஒரு மழை நாளில் கொழுந்துக் கூடையோடு வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவர் அவர் மனைவி பாக்கியம். ஐந்து வருஷமாக வாசலைத் தாண்டி அவரால் நடக்க முடியவில்லை. தூக்கிப் போனாலும் வண்டியில் ஏற்றினாலும் அந்தக் குலுக்கலை இடுப்பு தாங்காது. திருவிழா என்றால் மேலே தப்பு மேளச் சத்தம் கேட்கும். அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து கும்பிட்டுக்கொள்வார்.

தேர் கீழ்கணக்குக்கு வந்ததே கிடையாது. சிமெந்துச் சிலை, தூக்க எட்டுப் பேர் வேண்டும், எட்டுப் பேர் சேர்ந்து நடக்கப் படியில் அகலமில்லை. சக்கரம் வைத்தால் உருண்டுவிடும். ரோட்டு வழியாகச் சுற்றிவரலாம் என்றால் அது அடுத்த தோட்டத்துக்குள் புகுந்து வருகிறது. காப்புக் கட்டிய பிறகு அம்மன் எல்லை தாண்டக் கூடாது என்பது வழக்கம். அதனால் வருஷாவருஷம் கோயில் கமிட்டி கூடி, "கீழ்கணக்குக்குத் தேர் போக வழியில்லை" என்று முடிவெடுக்கும். அதை அழகான கையெழுத்தில் எழுதி வைக்கும் செயலாளர் நான்தான். ஒரு தடவைகூட எனக்குக் கை கூசியதில்லை.

அந்த வருஷம் கூட்டத்துக்கு வடதுருவம் புத்தகத்தோடு வந்தார். கமிட்டித் தலைவர் பெரிய கங்காணி. குரல் பெரியது, முழங்கால் பலவீனம்.

"எங்க கணக்குக்கும் அம்மா வரணுங்க" என்றார் வடதுருவம்.

"வழி இல்லன்னு மாஸ்டர் வருசாவருசம் எழுதுறாரே, வாசிக்கலியா?"

"வாசிச்சேங்க. எழுத்து நல்லாருக்கு." சொல்லிவிட்டுப் புத்தகத்தை விரித்தார். கருவாட்டு வாடை கமிட்டியைச் சூழ்ந்தது. "இந்தா பாருங்க. வரிசையா சறுக்கு வண்டி போகுதுல்ல? இந்த வண்டியில மனுசன் ஏறவே மாட்டானாம். வீட்டுச் சாமிகளுக்குன்னே தனி வண்டி. மேடு பள்ளம் எல்லாம் போகுது."

"அது பனி மேல போகுது. இங்க பனிக்கு எங்க போறது?"

அவர் நிதானமாக ஒரு பக்கம் தள்ளினார். "இது வெயில் காலமுங்க. ஈரப்புல்லு மேலயே இழுக்குறாங்க."

"எந்த ஊரு சாமிய்யா அது?"

"தெரியாதுங்க. ஊர்ப் பேரு இருந்த தாள்ல மாசி சுத்திட்டாங்க."

கமிட்டி விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான். சிரிப்பு அடங்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு, "எம் பொஞ்சாதி அம்மா மொகத்தப் பார்த்து அஞ்சு வருசம் ஆச்சுங்க" என்றார். அதற்குமேல் ஒருவரும் சிரிக்கவில்லை.

தலைவர் புத்தகத்தை மூடி அவரிடமே நீட்டினார். "சரி. மொதல்ல அம்மா எடைக்கு ஒரு ஆளை வச்சு எறக்கிக் காட்டு. விழாம வந்தா யோசிப்போம்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது நான் கல்யாணமாகாதவன். பாவம் தனிக்கட்டை என்று மூன்று வீடுகளில் சோறு போட்டார்கள். மூன்றையும் நான் தட்டியதில்லை. கமிட்டியில் அம்மன் எடைக்கு அருகில் வரக்கூடிய ஆள் நான் ஒருவன்தான்.

படிக்குப் பக்கத்தில் தேயிலை நடாத புல் சரிவு ஒன்று உண்டு. ஒன்றரை மாதம் வேலை முடிந்து வந்து வந்து வடதுருவம் வண்டியைச் செய்தார். அடிச்சட்டங்கள் வழுக்குவதற்காகக் கினிகத்தேனைக்குப் போய்க் கமுகு மட்டைகளைப் பொறுக்கிக் கட்டி, பஸ் கூரையில் போட்டுக்கொண்டு வந்தார். பாக்கியம் உட்கார்ந்த இடத்திலிருந்தே, புத்தகத்தைப் பார்த்துச் சிவப்பு நூலில் மான்கொம்புக் கோலம் தைத்து, வண்டியைச் சுற்றிக் கட்ட ஒரு துணி தயார் செய்தார். உள்ளபடியே சொல்கிறேன், புருஷனுடைய கரடிகளைவிட அது ஆயிரம் மடங்கு நன்றாக இருந்தது.

வெள்ளோட்டத்தன்று பார்த்தால் வண்டிக்குப் பின்னால் ஒரு பசு மாடு கட்டியிருக்கிறது.

"இது எதுக்குண்ணே?"

"எறக்கத்துல பனிமானைப் பின்னால கட்டுவாங்க மாஸ்டர். அது பயந்து காலை ஊனும். அதான் பிரேக்கு."

"இது லெச்சுமியாச்சே!"

"இருக்குறதை வச்சுத்தானே செய்யணும்? ஏறுங்க."

முந்தின நாள் பெய்த மழையில் புல் நனைந்திருந்தது. நான் மாட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். மாடு என்னைப் பார்த்தது. வண்டி நகர்ந்தது. சத்தியமாக, பூப்போல வழுக்கிக்கொண்டு போனது. பாதிச் சரிவில் லெச்சுமி நின்று யோசித்து, அப்படியே படுத்து, அசைபோடத் தொடங்கிவிட்டது. அரை மணி நேரம் நான் மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் தொங்கினேன். கீழ்கணக்கு ஜனம் முழுவதும் வாசலுக்கு வந்து என்னை வேடிக்கை பார்த்தது. சில பெண்கள் கும்பிட்டதாகவும் சொன்னார்கள். கடைசியில் மாட்டை அவிழ்த்துவிட்டுப் பத்து ஆட்கள் கயிறு பிடித்து என்னை இறக்கினார்கள்.

"மாடு படுத்துக்கிருச்சேய்யா!" என்றார் தலைவர்.

"படுத்தும் புடிச்சுச்சா இல்லியா? மாஸ்டர் விழலையே."

தலைவர் கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். மாடு கூடாது, ஆட்கள்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுமதித்தார்.

திருவிழாவுக்கு மழை வரக் கூடாது என்று மேல்கணக்கு வேண்டிக்கொண்டது. மழை வர வேண்டும் என்று கீழ்கணக்கு வேண்டிக்கொண்டது. மேல்கணக்குக்குத்தான் செல்வாக்கு அதிகம். ஒரு வாரம் பொட்டு மழை இல்லை. தேரன்று காலை அம்மனை வண்டியில் ஏற்றித் தள்ளினால், ஒரு முழம் போய் உட்கார்ந்துகொண்டது. புல் காய்ந்து, மண் சொரசொரத்துக் கிடந்தது.

"அம்மாவுக்கே இஷ்டமில்ல. திருப்புங்க" என்றார் தலைவர்.

"ஒரு மணி நேரம் குடுங்க" என்றார் வடதுருவம். சரிவின் விளிம்பில் நின்று இரண்டு கையையும் வாயில் குவித்து, "தண்ணீ...!" என்று கத்தினார்.

கீழே ஓடையிலிருந்து பெண்கள் புறப்பட்டார்கள். வாளி, குடம், மண்ணெண்ணெய் டின், அண்டா, எது கிடைத்ததோ அது. ஓடையிலிருந்து சரிவின் உச்சிவரை வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றினார்கள். பட்டுச்சேலை கட்டியிருந்தவர்களும் அதைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார்கள். மலையையே கழுவி விட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் புகுந்தேன். செயலாளர் ஒருவர் வாளி தூக்கியது கமிட்டியின் வரலாற்றில் அதுதான் முதல் தடவை.

வண்டி இறங்கியது. பின்னால் கயிறு பிடித்தவர்களில் கடைசி ஆள் வடதுருவம். பாதித் தூரம் காலால் வந்தார், மீதித் தூரம் முதுகால் வந்தார். கயிற்றை மட்டும் விடவில்லை. தப்பு முழங்க அம்மன் லயத்து வாசலில் போய் நின்றபோது அவர் எது, சேறு எது என்று தெரியவில்லை.

பாக்கியம் பலகையில் உட்கார்ந்து தட்டோடு காத்திருந்தார். அம்மனையே வெகுநேரம் பார்த்தார். அப்புறம், "கிட்டக்க பார்த்தா இவ்வளவு சின்னப் புள்ளையா இருக்கியே தாயி" என்றார். அவ்வளவுதான், அழுதுவிட்டார். நானும் அழுதேன். வாளி தூக்கிய களைப்பு என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டேன்.

அர்ச்சனை முடிந்ததும் அதுவரை எங்கேயோ இருந்த மழை கொட்டத் தொடங்கியது. தலைவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, "சரி, கெளப்புங்க. மேல எப்படிக் கொண்டு போறது?" என்றார்.

எல்லோரும் வடதுருவத்தைப் பார்த்தார்கள். அவர் முகத்துச் சேற்றை வழித்தார். "அதைப் பத்திப் புத்தகத்துல ஒண்ணும் இல்லீங்க."

முப்பது பேர் சேர்ந்து இழுத்தார்கள். வண்டி இரண்டடி ஏறி நாலடி இறங்கியது. "டிராக்டரைக் கொண்டாந்து ரோட்டு வழியா..." என்று தொடங்கிய தலைவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். காப்பு அறுக்க இன்னும் மூன்று நாள் இருந்தது. அதுவரை அம்மன் எல்லை தாண்டக் கூடாது. அதை இருபது வருஷமாகச் சொல்லி வந்தவரே அவர்தான்.

ஆக, மூன்று நாளும் திருவிழா கீழ்கணக்கில் நடந்தது. பாக்கியத்தின் வாசலுக்கு நேர் எதிரே, வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவின் தாழ்வாரத்தில் அம்மன். மேல்கணக்கு பொங்கல் பானையோடு இறங்கி வந்தது. தலைவர் தினமும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்னூறு படியும் இறங்கி, முன்னூறு படியும் ஏறினார். இரண்டாம் நாள் பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "இதுலயா மாஸ்டர் இந்தப் பொம்பளைங்க கூடையோட தெனம் ஏறுறாங்க?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

காப்பு அறுத்த மாலை டிராக்டர் வந்து அம்மனை ஏற்றிக்கொண்டு ரோட்டு வழியாகப் போனது. பாக்கியம் வாசலில் இருந்து கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வடதுருவத்தை மெல்ல ஓரமாக அழைத்துப் போனேன்.

"நெசத்தைச் சொல்லுங்கண்ணே. கமுகு மட்டை வரைக்கும் யோசிச்ச ஆளு, திரும்ப ஏத்துறதைப் பத்தி யோசிக்கவே இல்லியா?"

தலைவர் பக்கத்தில் எங்காவது இருக்கிறாரா என்று அவர் ஒரு பார்வை பார்த்தார்.

"அஞ்சு வருசம் பார்க்காதவ மாஸ்டர். ஒரு தீபாராதனையில எப்படிப் பார்த்து முடிப்பா?"

எனக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஆகிறது. மனைவிக்காக ஒரு தடவையாவது நான் அவ்வளவு தூரம் யோசித்திருக்கிறேனா என்று, அவரை நினைக்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கும். கூடவே, அந்த மனிதரை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போலவும் இருக்கும்.