பட்டாணிக்கு என்ன வயது?

ஒரு வயதும் இரண்டு மாதமும். பட்டாணியின் வயது இதுதான் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அரசாங்கத்துக்குத்தான் இருந்தது.

பட்டாணி என்பது செல்லப்பெயர். ஸ்கேனில் முதன்முதலாகக் கண்ணில் பட்டபோது அவள் அந்த அளவுதான் இருந்தாள். அப்பா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அம்மா பஸ் கண்டக்டர். அம்மாவின் விடுப்பு அடுத்த வார ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் பட்டாணியைக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்தாக வேண்டும். காப்பகத்தில் ஒரு சான்றிதழ் கேட்டார்கள். ஆய்வகத்தில் கருவாகிப் பிறந்த குழந்தை வயதுக்கேற்ப வளர்ந்திருக்கிறது என்று ஓர் அலுவலகம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

உதவிக் கருத்தரிப்புச் சிசுக்களின் முன்பருவ வளர்ச்சி மதிப்பீடு மற்றும் மேம்பாட்டு அலுவலகம் என்பது அதன் பெயர். பெயர்ப்பலகை முன்சுவரில் அடங்காமல் பக்கத்துச் சந்துக்குள் திரும்பி, 'மேம்பாட்டு அலுவலகம்' மட்டும் அங்கே இருந்தது. சந்துப் பக்கமாக வருபவர்கள் எதையாவது மேம்படுத்தித் தருவார்கள் என்று நம்பி உள்ளே நுழைந்து ஏமாந்து போவது வழக்கம்.

கண்காணிப்பாளர் விண்ணப்பத்தை வாங்கிப் பொறுமையாகப் படித்தார். சட்டைப்பையில் சிவப்புப் பேனாவும் பச்சைப் பேனாவும் வைத்திருந்தார். சிவப்பை எடுத்தார்.

"வயசு தப்பா போட்டிருக்கீங்க."

"இல்ல சார், போன வருஷம்தான் பிறந்தா. பிறப்புச் சான்றிதழ் வெச்சிருக்கேன்" என்றாள் கண்டக்டர்.

"பிறந்தது இருக்கட்டும். கரு உருவானது எப்போ?"

அந்தத் தேதி அவளுக்கு மனப்பாடம். ஆய்வகத்தில் மூன்று கருக்கள் உருவாயின. முதலாவது தங்கவில்லை. இரண்டாவதும் தங்கவில்லை. மிச்சமிருந்த ஒன்றை உறைநிலையில் பத்திரப்படுத்தி வைத்தார்கள். அதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அவளும் கணவனும் மூன்று வருடம் பத்து மாதம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் டிப்போவிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், "வெச்சிடுங்க டாக்டர்" என்றாள். அந்த ஒன்றுதான் இப்போது அவள் மடியில் உட்கார்ந்து பிறப்புச் சான்றிதழின் மூலையைச் சப்பிக்கொண்டிருந்தது.

தேதியைச் சொன்னாள். கண்காணிப்பாளர் விரல்விட்டு எண்ணினார்.

"அப்போ குழந்தைக்கு அஞ்சு வயசு ஒன்பது மாசம்."

"எப்படி சார்? எல்லாருக்கும் பிறந்த நாள்லேர்ந்துதானே வயசு?"

"எல்லாருக்கும் கரு உருவான நாள் தெரியாதும்மா. வேற வழியில்லாம பிறந்த நாளை வெச்சுச் சமாளிக்கிறோம். உங்ககிட்ட ஆய்வகம் முத்திரை போட்ட ஆவணமே இருக்கு. ஆவணம் இருக்கும்போது சமாளிக்கக் கூடாது."

பக்கத்தில் நின்றிருந்த மெக்கானிக்குக்கு இது தொழில் சம்பந்தப்பட்ட விஷயமாகப் பட்டது.

"சார், நான் இருபது வருஷமா ஃப்ரிட்ஜ் வேலை பாக்கறேன். உள்ள வெச்ச பொருளுக்கு வயசு ஏறக் கூடாதுன்னுதானே ஃப்ரிட்ஜையே கண்டுபிடிச்சாங்க."

"பால் பாக்கெட்ல என்ன தேதி போட்டிருக்கு?"

"தயாரிச்ச தேதி."

"ஃப்ரிட்ஜ்லேர்ந்து வெளிய எடுத்த தேதி போட்டிருக்கா?"

மெக்கானிக் யோசித்தார். போட்டிருக்கவில்லை. அவர் நேர்மையான மனிதர். ஒப்புக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கண்டக்டர் சுவரைக் காட்டினாள். அங்கே ஒரு சுவரொட்டியில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. 'ஆய்வகத்தில் கருவான குழந்தைகளும் மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்கிறார்கள்' என்று கீழே எழுதியிருந்தது.

"நீங்களே இப்படிப் போட்டிருக்கீங்களே சார்."

"அது பொதுமக்களுக்கு. அலுவலகத்துக்கு வேற" என்று அவர் அடுத்த அறைக்குக் கை காட்டினார்.

அடுத்த அறையில் பரிசோதகர் அம்மா இருந்தார். பார்த்தவுடன் பட்டாணியின் கன்னத்தைத் தொட்டவர், தாளில் வயதைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார். விதிப்படி ஐந்தே முக்கால் வயதுக்கான வினாத்தாளை எடுத்து வைத்தார்.

"உன் முழுப்பெயரும் முகவரியும் சொல்லும்மா."

"பூ" என்றாள் பட்டாணி.

'முகவரி முழுமையாக இல்லை' என்று எழுதினார்.

ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். பட்டாணி இரண்டு கால்களில் நிற்கக் கற்று மூன்று வாரம்தான் ஆகிறது. அவளும் நாற்காலியைப் பிடித்து எழுந்து, அறையை ஒருமுறை கம்பீரமாகப் பார்த்துவிட்டு, பொத்தென்று உட்கார்ந்தாள். 'ஒத்துழைப்பு போதாது.' முக்கோணம் வரையச் சொன்னதற்கு நீலக் கிரேயானின் நுனியைக் கடித்தாள். 'வரைபொருளைத் தவறான நோக்கத்துக்குப் பயன்படுத்தினாள்.' பெரியவளானதும் என்ன வேலைக்குப் போவாய் என்பது கடைசிக் கேள்வி. அதற்குள் பட்டாணி மேசைமேல் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். பரிசோதகர் அம்மா சற்று யோசித்து, 'அலுவலகப் பணியில் நாட்டம்' என்று எழுதினார்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு வயசுத் தாள்ல பார்த்தா இவ ரொம்ப நல்லா இருக்கா. ஆனா அந்தத் தாளைத் தொட எனக்கு அனுமதி இல்ல. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

நான்காம் நாள் வீட்டுக்குக் கடிதம் வந்தது. பட்டாணிக்கு நான்கரை ஆண்டு வளர்ச்சிப் பின்னடைவு என்று அலுவலகம் மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொண்டது. அலுவலகங்களுக்குள் ஒற்றுமை இல்லை என்று யார் சொன்னது? அதே தபாலில் கல்வித் துறையும் ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. ஐந்து வயது கடந்த குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் அடைத்து வைத்திருப்பது ஏன் என்று கேட்டிருந்தார்கள். மறுநாள் பல் சுகாதாரப் பிரிவிலிருந்து வந்தது. பால்பற்கள் விழத் தொடங்க வேண்டிய வயதில் அவற்றில் பாதிக்குமேல் இன்னும் முளைக்காதது குறித்து விளக்கம் கேட்டிருந்தார்கள்.

காப்பகத்தில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களைச் சேர்ப்பதில்லை. பள்ளிக்கூடத்திலோ, "வாயில விரல் வெக்கற குழந்தையை எப்படிம்மா ஒண்ணாம் வகுப்புல உக்கார வெக்கறது?" என்றார்கள். அதுவும் நியாயம்தான்.

இதில் கண்டக்டருக்கு வலித்தது வேறொன்று. ஒரு மதியம் குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தவள், "அம்மா சொல்லு, அம்மா" என்று பத்துப் பன்னிரண்டு முறை கேட்டுவிட்டாள். பட்டாணி சிரித்தாளே தவிர சொல்லவில்லை. சட்டென்று கண்டக்டரின் கண் கலங்கிவிட்டது.

"நிஜமாவே ஏதாவது இருக்குமோங்க?" என்றாள் கணவனிடம்.

"பைத்தியமா உனக்கு? நேத்துவரைக்கும் நல்லா இருந்த குழந்தை, கடுதாசி வந்ததும் கெட்டுப் போயிடுமா?"

அவர் அப்படிச் சொன்னாரே ஒழிய, அன்று சாயங்காலம் பட்டாணிமுன் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு தாளில் முக்கோணம் வரைந்து காட்டிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. பதினான்கு வருடமாகச் சில்லறை இல்லாதவர்களையும் டிக்கெட் எடுக்காதவர்களையும் பேசிச் சமாளித்தவள் அவள். மறுநாள் காலை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மீண்டும் அலுவலகத்துக்குப் போனாள்.

"சார், நீங்க சொன்னதை நான் ஏத்துக்கறேன். என் பொண்ணுக்கு அஞ்சே முக்கால் வயசு."

கண்காணிப்பாளருக்கு மகிழ்ச்சி. இப்படிப் பக்குவமாகப் பேசுகிறவர்கள் அபூர்வம் என்றார்.

"அதுல மூணு வருஷம் பத்து மாசம் அவ எங்க இருந்தா?"

"ஆய்வகத்துல."

"அந்த ஆய்வகத்துக்கு உரிமம் கொடுத்தது யாரு?"

"நம்ம அலுவலகம்தான். வருஷா வருஷம் நேர்ல போய்ப் பார்த்து நானே கையெழுத்துப் போடறேன். எந்தக் குறையும் கிடையாது."

"எங்கிட்ட வந்தப்புறம் அவ உக்காந்தா, தவழ்ந்தா, எழுந்து நின்னா. உங்க பொறுப்புல இருந்த மூணு வருஷம் பத்து மாசத்துல ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தாங்களா? ஒரு அடி நடக்க விட்டாங்களா? விளையாட ஒரு பொம்மை? அத்தனை நாளும் குழந்தையைக் குளிர்ல வெச்சிருந்திருக்காங்க. நீங்களும் வருஷா வருஷம் பார்த்துட்டுக் குறையில்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்போ இந்தப் பின்னடைவுக்கு யாரு பொறுப்புன்னு எழுத்துல கொடுங்க சார். நான் மேல அனுப்பிக்கறேன்."

கண்காணிப்பாளர் சிவப்புப் பேனாவை மூடினார். தண்ணீர் குடித்தார். பிறகு குழந்தையை முதல்முறையாக நன்றாகப் பார்த்தார்.

"பார்த்தா ஒரு வயசுக் குழந்தை மாதிரிதான் தெரியுது" என்றார்.

"எனக்கும் அப்படித்தான் சார் தெரியுது."

பச்சைப் பேனா வெளியே வந்தது. சான்றிதழ் அரைமணி நேரத்தில் தயாரானது. பரிசோதகர் அம்மா ஒரு வயதுத் தாளை எடுத்து வந்து எல்லாக் கட்டத்திலும் சரி போட்டுக் கொடுத்தார். திங்கட்கிழமை பட்டாணி காப்பகத்துக்குப் போனாள். அம்மா பஸ்ஸில் ஏறி விசில் ஊதினாள். புதன்கிழமை மாலை பட்டாணி "அம்மா" என்றாள். காப்பகத்து ஆயாவைப் பார்த்துச் சொன்னாள் என்பது ஒரு சின்ன வருத்தம்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் விதி இல்லாமல் ஒரு சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது. அதற்கு ஒரு விதி வேண்டும். உறைநிலை, ஆய்வகம் என்றெல்லாம் வெளிப்படையாக எழுதினால் யாராவது பழைய கையெழுத்துகளைத் தோண்டக்கூடும் என்று அஞ்சிய கண்காணிப்பாளர், சுற்றறிக்கையைப் பொதுவாக எழுதினார். 'தம் விருப்பமின்றி, வளர்ச்சிக்கு வழியின்றி, பிறர் முடிவுக்காக ஒருவர் காத்திருக்க நேர்ந்த காலம் அவர் வயதில் சேராது.' மேலதிகாரி படித்துப் பார்த்து, சொல்நயம் நன்றாயிருக்கிறது என்று ஒப்புதல் அளித்தார்.

பத்தே நாளில் அலுவலக வாசலில் வரிசை நின்றது. ஒரு குழந்தைகூட இல்லை. வேலைக்கு மனுப்போட்டு ஒன்பது வருடம் காத்திருந்த ஒருவர், இப்போது தமக்கு இருபத்தாறு வயது என்றார். வாய்தா வாய்தாவாகப் பதினாறு வருடம் நீதிமன்றத்துக்கு நடந்த ஓர் அண்ணன், தம் தம்பியைவிடச் சிறியவராகிவிட்டார். வரிசை சந்து முனையைத் தாண்டிப் போயிற்று. பேஷன் என்று வந்துவிட்டால் யார் விடுவார்கள்? கேட்டால் எல்லாரும் ஏழெட்டு வயது குறைத்தே சொன்னார்கள். கண்காணிப்பாளரே பதவி உயர்வுக்காகக் காத்திருந்த பதினொரு வருடத்தைக் கழித்து ஒரு படிவம் நிரப்பி, தம் மேசையிலேயே சமர்ப்பித்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீதும் போட்டுக்கொண்டார்.

இந்தக் கூத்தை பஸ் ஜன்னல் வழியே தினமும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த கண்டக்டர், ஒருநாள் டிப்போ அறிவிப்புப் பலகைமுன் நின்றாள். டிக்கெட் பரிசோதகர் பதவிக்குத் தேர்வு. வயது வரம்பு முப்பத்தைந்து. அவளுக்கு முப்பத்தேழு.

அவள் கணக்குப் போட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் டோக்கனோடு உட்கார்ந்திருந்த காலைகள், ரிப்போர்ட் வரும் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்த நாட்கள், அந்த ஒன்றைத் தொடப் பயந்த மூன்று வருடம் பத்து மாதம். எல்லாம் சேர்த்தால் எட்டு வருடம் வந்தது. குளிரில் இருந்தது பட்டாணி மட்டுமா என்ன?

அடுத்த விடுமுறை நாளில் அவள் வரிசையில் நின்றாள். மூன்று மணி நேரம் கழித்து ஜன்னலருகே வந்தபோது உள்ளே பரிசோதகர் அம்மாதான் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு படிவம் கொடுங்க மேடம்."

"தீர்ந்துடுச்சேம்மா. அச்சுக்குப் போயிருக்கு. ஆறு மாசம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம்."

"அதுவரைக்கும்?"

பரிசோதகர் அம்மா நிஜமான பரிவோடு அவளைப் பார்த்தார்.

"காத்திருங்க. அந்தக் காலம்தான் வயசுல சேராதே."