துண்டுச் சட்டம் போட்ட கால்பங்கு

கால்பங்கைப் போல ஒரு பிடிவாதக்காரர் வைகைக்கு வடகரையிலும் பிறந்ததில்லை, தென்கரையிலும் பிறந்ததில்லை. ஆற்றில் தண்ணீர் வராமல் போனதே, இவர் ஒருநாள் பாலத்தில் நின்று "நீ வந்தா நான் பாக்க மாட்டேன், போ" என்று சொன்னதால்தான் என்று எங்கள் டிரைவர் அடித்துச் சொல்வார். நான் அதை நம்பவில்லை. ஆனால் எங்கள் ஆபீஸ் மின்விசிறி இவர் முறைத்ததும் கொஞ்சம் வேகமாகச் சுற்றியதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சிம்மக்கல்லில் மொத்த வியாபாரக் கடைகளுக்கு நடுவே எங்கள் டிராவல்ஸ் இருந்தது. நான் புக்கிங் கிளார்க். டிராவல்ஸ் என்று பெரிதாகப் பலகை மாட்டியிருந்தாலும் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு டூரிஸ்ட் பஸ். பெயர் ராஜாத்தி. அவளுக்கு நாலு பங்குதாரர்கள், ஆளுக்குக் கால் பங்கு. ஆபீஸை நடத்தும் முதலாளி ஒருவர். லுங்கி, துண்டு மொத்த வியாபாரம் செய்யும் ஹாஜியார் ஒருவர். தாலுகா ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆகி, அந்த மிடுக்கு மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகாத 'சார்' ஒருவர். நாலாவது ஆள், சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த நம்மவர்.

மற்ற மூன்று பேரும் பங்கு போட்டதையே மறந்திருந்தார்கள். இவர் மட்டும் எங்கே போனாலும், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம்கூட, "நான் ராஜாத்தியில கால்பங்கு" என்றுதான் ஆரம்பிப்பார். நாளாவட்டத்தில் பெயரே அதுவாகிவிட்டது. அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் தோன்றியதில்லை.

தினமும் காலையில் மொபெட்டில் வந்து, நேரே பின்பக்க ஷெட்டுக்குப் போய், பஸ்ஸில் ஏறி, ஒவ்வொரு சீட்டிலும் ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழுந்திருப்பார். நாற்பது சீட்டுக்கு நாற்பது நிமிஷம். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"எதுக்குண்ணே இந்த வேலை?"

"கால் பங்குன்னாங்க. எந்தப் பத்து சீட்டுன்னு பிரிச்சுக் குடுத்தாங்களா? இல்லேல்ல? அதான் எல்லாத்துலயும் உக்காந்து வச்சுக்கிறேன்."

அப்படி இருந்த மனிதரின் பஸ்ஸை கொரோனா வந்து ஷெட்டில் நிறுத்திவிட்டது. முதல் அலை போய் இரண்டாவது அலையும் வந்தது. ராஜாத்திக்கு அடியில் ஒரு நாய் குட்டி போட்டு, அந்தக் குட்டியும் வளர்ந்து குட்டி போட்டது. டயரில் காற்று இறங்கியது. பங்குதாரர்களுக்கும் அப்படியே.

ஒருநாள் நாலு பேரும் மாஸ்க்கோடு கூடினார்கள். பஸ்ஸைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார் முதலாளி. ஒப்பந்தப்படி நாலில் மூன்று பேர் கை தூக்கினால் போதும். மூன்று கையும் தூக்கியாயிற்று. கால்பங்கு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இனிமே சனங்க ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கிட்டு பஸ்ல உக்காரவே மாட்டாங்கய்யா" என்றார் சார்.

"அதான் ஊசி வந்திருச்சுல்ல? ஒருத்தன் கையில ஊசி ஏறுனா நம்ம பஸ்ல ஒரு ஆள் ஏறுனதா அர்த்தம்."

"ஊசி போட நம்ம ஆளுக வரணுமே!"

"வருவான். வர வைக்கிறேன். வெத்தலைக் கொடியவே அண்ணாந்து பாக்க வச்சவன் நான்."

மூன்று பேரும் சிரித்தார்கள். சம்பளம் வாங்குகிறவன் என்பதால் நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் ஓடாத பஸ்ஸை வாங்க எவன் வருவான்? முதலாளி ஆள் பிடிக்க நாலு மாதத்துக்கு மேல் ஆனது. கால்பங்குக்குக் கிடைத்த அவகாசம் அவ்வளவுதான்.

முதலில் பேப்பரைப் பிடித்துக்கொண்டார். பங்குச் சந்தைக்காரர்கள் காலையில் நிலவரம் பார்ப்பார்களே, அதே மாதிரி தடுப்பூசிச் செய்தியைச் சத்தமாகப் படிப்பார். "ஏத்தம் கிளார்க்கு! நேத்து முகாம்ல நல்ல கூட்டம்!" என்றால் எனக்கு ஒரு டீ உண்டு. "ஸ்டாக் இல்லைன்னு போர்டு மாட்டிட்டானுகய்யா, சரிவு" என்றால் டீ கிடையாது. அந்த நாலு மாதமும் தமிழ்நாட்டில் என்னளவுக்குத் தடுப்பூசி வரத்துக்காக ஏங்கியவர்கள் சுகாதாரத் துறையிலேயே இருந்திருக்க மாட்டார்கள்.

அடுத்து வதந்திகளோடு சண்டை. எதிர் டீக்கடைக்காரர் ஊசி என்றாலே கடையைச் சாத்தும் ரகம்.

"போட்டா ரெண்டே வருசத்துல போய்ச் சேந்துருவோமாம்ண்ணே. வாட்ஸப்புல வந்துச்சு."

"போடலேன்னா ரெண்டு வருசம் இருப்பேன்னு உனக்கு எவன்டா எழுதிக் குடுத்தான்? வாடா மாப்ள, வண்டியில ஏறு."

ஆனால் வாய்ச் சண்டையில் நாளுக்கு ஓர் ஆள் தேறுவதே பெரிய பாடாக இருந்தது. அப்போதுதான் தன் பிரசித்தி பெற்ற சட்டத்தைக் கொண்டுவந்தார். சாக்பீஸ் எடுத்து ஷெட் கதவில் எழுதினார்: 'ராஜாத்தி மறுபடி கிளம்பும் முதல் டூர். ராமேஸ்வரம், ஏர்வாடி, நாகூர், வேளாங்கண்ணி. ஒரு ஊசி போட்டவர் சீட்டில் கைக்குட்டை போடலாம். ரெண்டு ஊசி போட்டவர் துண்டு போடலாம். துண்டு வந்தால் கைக்குட்டை எழுந்துகொள்ள வேண்டும். கிளம்பும் நாளில் துண்டுக்காரர் மட்டுமே ஏறலாம்.'

"கைக்குட்டைன்னா ரயில்ல வெயிட்டிங் லிஸ்ட் மாதிரி. துண்டுன்னாத்தான் கன்ஃபார்ம்" என்று எனக்கு விளக்கம் வேறு கொடுத்தார்.

நம் ஊர்க்காரர்களுக்கு உயிர்ப்பயம் காட்டினால் சிரிப்பார்கள். ஜன்னல் சீட்டு போய்விடும் என்று சொல்லிப் பாருங்கள், செருப்பைக்கூடப் போடாமல் ஓடி வருவார்கள். ஒரே வாரத்தில் ராஜாத்தியின் ஜன்னல் ஓரமெல்லாம் கைக்குட்டை பூத்துவிட்டது. ஒற்றை ஊசிக்காரர்கள் தங்கள் கைக்குட்டை பத்திரமாக இருக்கிறதா என்று தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு புருஷன் பெண்டாட்டிக்குள் ஜன்னலுக்காகச் சண்டை வந்து, யார் முதலில் இரண்டாவது ஊசி போடுவது என்ற போட்டியில் ஒருவரோடொருவர் பேச்சையே நிறுத்திவிட்டார்கள்.

"ஓடாத பஸ்ஸுக்குத் துண்டு போட வச்ச ஒரே ஆளு நீங்கதாண்ணே" என்று நான் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை.

"துண்டுன்னா எம்புட்டுப் பெரிய விசயம்னு உனக்குத் தெரியாது கிளார்க்கு. எங்கய்யா அடுத்தவன் கொடிக்கால்ல கூலிக்கு நின்னவரு. ஒருநா அவருக்கு முடியாம, காய்ச்சலோட, ஆஸ்பத்திரிக்குப் போக சோழவந்தான்ல பஸ் ஏறுனோம். பின்வாசலுக்குப் பக்கத்துல ஒரு சீட்டு காலியா கெடந்துச்சு. ஒரு துண்டு கெடந்துச்சு. எங்கய்யா உக்காரப் போனாரு. 'ஆளு வருது, எந்திரி'ன்னானுக. சிம்மக்கல் வர்ற வரைக்கும் ஆளே வரல. அந்தத் துண்டு உக்காந்து வந்துச்சு. எங்கய்யா நின்னுக்கிட்டே வந்தாரு. எங்க கூட்டத்து ஆளு எந்திரிச்சு நிக்கிறதுதான் அன்னைக்கு வழக்கம். அன்னைக்கே நெனச்சேன், ஒரு பஸ்ஸு வாங்கணும்டான்னு. முழுசா முடியல. கால் பங்காச்சும் வாங்குனேன். அதைப் போயி இரும்புக்குப் போடச் சொல்றானுக."

 அன்றைக்கு டீக்கு நான் காசு கொடுத்தேன்.

இவ்வளவு செய்தவர் தான் மட்டும் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. விடிவதற்குள் மாநகராட்சிப் பள்ளி முகாமில் வரிசையில் முதல் ஆளாக நிற்பார். ஊரே பார்க்கும். ஆனால் ஒன்பது மணிக்குக் கையில் பஞ்சு இல்லாமல் திரும்பி வருவார். இது தினமும் நடந்தது. "ஊசியைக் கண்ணுல பாத்ததும் ஆளு ஓடியாந்துர்றாரு" என்று டீக்கடையில் பேசிச் சிரித்தார்கள். சார் ஒருநாள் நேராகவே கேட்டார்.

"ஊரையே குத்த வைக்கிறீரு, உமக்கு எப்பய்யா?"

"ஆகும்போது ஆகும் சார். நீங்க துண்டு போட்டாச்சா?"

"நான் பங்குதாரன்யா. எனக்கெதுக்குத் துண்டு?"

பயந்தாங்கொள்ளி என்றுதான் நானும் முடிவு கட்டியிருந்தேன். நாலாவது மாதக் கடைசியில் ஒருவழியாக முதல் ஊசி போட்டுக்கொண்டு வந்து, பின்வாசல் பக்கத்து ஜன்னல் சீட்டில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை விரித்தார். மற்ற முப்பத்தொன்பது சீட்டிலும் அதற்குள் கனத்த துண்டுகள் விழுந்திருந்தன.

அடுத்த வாரமே திருச்சிப் பக்கமிருந்து இரும்பு வியாபாரி வந்துவிட்டார். நான் டைப் அடித்த விற்பனைப் பத்திரம் மேஜையில் தயாராக இருந்தது. மூன்று பங்குதாரர்களும் அவரை ஷெட்டுக்கு அழைத்துப் போனார்கள். கால்பங்கு ஷெட் வாசலில் வெற்றிலை மென்றுகொண்டு நின்றார். வழி மறிக்கவில்லை.

வியாபாரி பஸ்ஸில் ஏறினார். முதல் படியிலேயே நின்றுவிட்டார். சிவப்பு, பச்சை, காசித்துண்டு, பூத்துவாலை, ஒரு சீட்டு பாக்கியில்லை.

"என்னங்க, புல்லா இருக்கு?"

"அது சும்மா துணிங்க. எடுத்துப் போட்டுரலாம்" என்றார் முதலாளி.

"ஐயையோ, தொடாதீங்க! துண்டு கிடக்குதுன்னா ஆள் இருக்காங்கன்னு அர்த்தம். எடுத்தா நாளைக்கு நாப்பது பேர் என் வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க."

"நான் எடுக்கிறேன், தள்ளுங்க" என்று ஹாஜியார் உள்ளே போனார். மூன்றாவது வரிசையில் ஒரு துண்டைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. கரையில் பச்சைப் பூ போட்ட துண்டு.

"இது எங்க வீட்டுத் துண்டுல்ல?"

வெளியே இருந்து கால்பங்கின் குரல் வந்தது. "ஆமா மாமா. அக்கா ரெண்டு ஊசியும் போட்டுருச்சு. நாகூருக்குப் போயி நேர்ந்துக்கிட்ட நிய்யத்தை நிறைவேத்தணுமாம். நீங்களும் ரெண்டு ஊசி போட்டாச்சுல்ல, பக்கத்து சீட்டு உங்களுக்குத்தானாம். உங்க துண்டையும் அதுவே போட்டுருச்சு."

ஹாஜியார் சுற்றும் முற்றும் பார்த்தார். பாதிக்கு மேல் அவர் கடைச் சரக்கு.

"யா அல்லாஹ்! ஊரெல்லாம் வியாபாரம் படுத்துக் கிடக்கு, நமக்கு மட்டும் துண்டு ஏன் இந்த ஓட்டம் ஓடுதுன்னு இத்தனை நாளா யோசிச்சேன் மாப்ள!"

பச்சைப் பூத் துண்டைத் திரும்ப விரித்து, சுருக்கம் நீவி, கீழே இறங்கினார். "இதை எடுத்துட்டு நான் வீட்டுக்குள்ள போக முடியாது. என் கையைக் கீழ இறக்கிக்கிறேன்" என்றார். இரண்டுக்கு இரண்டு ஆனது; மூன்று கை இல்லாமல் விற்க முடியாது. வியாபாரி கால்பங்கிடம் ஒரு கவுளி வெற்றிலைக் கட்டை இலவசமாக வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார்.

ஒன்றரை மாதம் கழித்து ராஜாத்தி புது டயரோடு, சாமந்தி மாலையோடு சிம்மக்கல்லில் நின்றாள். வாசலில் நின்று எல்லோருடைய சான்றிதழையும் போனில் பார்த்து ஏற்றினேன். கடைசியில் கால்பங்கு வந்தார். போனை நீட்டினார். ஒரு ஊசிதான் இருந்தது. இரண்டாவதுக்கு நாள் வர இன்னும் ஒரு மாதம் பாக்கி.

"நான் ஏறலை கிளார்க்கு. சட்டம்னா சட்டம்தான்."

"பயந்து பயந்து தள்ளிப்போட்டா இப்படித்தாண்ணே" என்று சொல்லிவிட்டேன். என் வாயை என்ன சொல்வது?

ஏற்கெனவே ஏறியிருந்த முகாம் நர்ஸ் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கத்தினார். "யாரு சார் பயந்தது? டெய்லி மொத டோக்கன் இவரு வாங்குவாரு. வரிசையில நிக்க முடியாதுன்னு சாக்குச் சொல்ற ஆளைக் கூட்டியாந்து அவங்க கையில குடுத்துட்டுப் போயிருவாரு. இந்த பஸ்ல பாதிப் பேரு இவரு டோக்கன்ல போட்டவங்கதான்!"

 டீக்கடைக்காரர் தன் ஜன்னல் சீட்டில் தலையைக் குனிந்துகொண்டார். கால்பங்கு நர்ஸைத்தான் முறைத்தார். "பேசாம வாம்மா நீ" என்றார்.

அப்போது பார்த்து சார் வந்து சேர்ந்தார், கையில் பெட்டியோடு. இரண்டு ஊசியும் போட்டவர், துண்டுதான் போடவில்லை. பின்வாசல் பக்கத்தில் இருந்த கைக்குட்டையைக் காட்டினார். "அது வெறும் கைக்குட்டைதானே? எனக்கு ரெண்டு டோஸ்."

"குடுத்துரு கிளார்க்கு" என்றார் கால்பங்கு. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

நான் என் பையைத் திறந்து துண்டை எடுத்தேன். உள்ளே போய் அந்த வெள்ளைக் கைக்குட்டைக்கு மேல் விரித்தேன். "எனக்கும் ரெண்டு டோஸ் சார். இந்த சீட்டு என்னுது. டிரைவர் பக்கத்துல என்னோட ஸ்டாஃப் சீட்டு இருக்கு, அதுல நீங்க உக்காருங்க." நாலு வருஷ வேலையில் ஒரு பங்குதாரரை நான் எதிர்த்துப் பேசியது அன்றுதான். துண்டை மட்டும் எடுக்கவில்லை.

கால்பங்கு மொபெட்டை எடுத்தார். ஊர் எல்லைக் கோயில் வரைக்கும் பின்னாலேயே வந்தார். அங்கே வண்டிக்குத் தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்தார்.

"ஏறுங்கண்ணே. யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்ல?" என்றார். பின்வாசல் ஜன்னலை ஒருதரம் தொட்டுப் பார்த்தார். "அடுத்த டூருக்கு வாரேன். சீட்டைப் பாத்துக்க."

பஸ் கிளம்பியது. என்னை உட்காரச் சொல்லி எத்தனையோ பேர் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. ராமேஸ்வரம் வருவதற்குள் கால் இரண்டும் மரத்துப் போயின. அந்தக் காலிச் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கால்பங்கு வந்து உட்காருகிற வரைக்கும் இப்படியே நின்றுகொண்டு போகலாம் என்றுதான் எனக்கு இருந்தது.