தோமஸ் வீட்டு மேற்குச் சுவர்

மேற்குச் சுவருக்குப் பத்துக் காசுகூடச் செலவழிப்பதில்லை என்று தோமஸ் உறுதி பூண்ட வேளையில், அந்தச் சுவரின் இடுக்கு வழியாக மழை அவர் காப்பியில் விழுந்துகொண்டிருந்தது. கோப்பையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார். உறுதியை நகர்த்தவில்லை.

சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய ஜொகூர் பாருவில் மிச்சமிருக்கும் சில பலகை வீடுகளில் அவருடையதும் ஒன்று. சுற்றிலும் அடுக்குமாடிகள். அவர் மனைவி செசிலியா அன்றுதான் கட்டட வேலைக் குத்தகையாளர் மதிவாணனைக் கூட்டி வந்து சுவரைக் காட்டியிருந்தாள். மதிவாணன் பலகை இடுக்கில் கண்ணை வைத்து, வெளியே போன பஸ்ஸின் எண்ணைப் படித்தான்.

“பதினாலாயிரம் வெள்ளி ஆகும்ணே.”

“ஒரு சுவருக்கா? நான் என்ன வீட்டையா வாங்கறேன்?”

“ஆளுங்கல்லாம் சிங்கப்பூருக்குப் போயிட்டாங்க லா. இங்க இருக்கிறவனும் அங்க உள்ள கூலியைத்தான் கேக்கறான். பலகை விலை வேற ஏறிப்போச்சு.”

துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில், செசிலியாவிடம் கெஞ்சித் தோமஸ் தனக்கென்று ஒதுக்கியிருந்த தொகை ஏறக்குறைய அதுதான். கடலோர ஊரான மூவாரில் நண்பர் ரொனால்ட் விற்கவிருந்த மீன்பிடிப் படகை அதில் வாங்குவதாக இருந்தார். படகா சுவரா என்று பார்த்தால், சுவரில் ஏறி யாரும் மீன் பிடித்ததில்லை.

செலவு அதிகம் என்று சொன்னால் செசிலியா மசியமாட்டாள். ஆகவே சுவரைப் புகழ்வது என்று முடிவு செய்தார்.

“செசி, இந்தப் பலகையை என்னன்னு நெனச்சே? வைரம் பாஞ்ச மரம். இப்ப காட்டுலயே கிடையாது.”

“மழை உள்ள வருதேங்க.”

“மழை வரும், போகும். இந்த மரம் போனா வருமா? சிங்கப்பூர்ல காப்பிக்கடை வைக்கிறவன்லாம் இந்த மாதிரி பழைய பலகைக்குத்தான் நாயா அலையறான். அதைச் சுவத்துல அடிச்சு அழகு காட்டி, காப்பியை மூணு மடங்கு விலைக்கு விக்கறான்.”

“அப்படியா?”

“எத்தனை வருஷ வெயில்ல வந்த நிறம் தெரியுமா? பெயின்ட் அடிச்சா வருமா? தங்கம்டி, தங்கம்.”

“என்ன விலை குடுப்பான்?”

“பத்தாயிரம் கேட்டாலும் கண்ணை மூடிட்டுக் குடுப்பான்.”

கல்யாணமான நாளிலிருந்து செசிலியா அவர் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்டதேயில்லை. தோமஸுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பக்கத்து வீட்டு ஜாக்லினைக் கோயில் வாசலில் நிறுத்தி வைத்து, அவளுக்கும் பலகையின் பெருமையைச் சொன்னார். அதன் பிறகு செசிலியா சுவரைப் பற்றி வாயே திறக்கவில்லை. அனுபவமுள்ள கணவனாக இருந்தால் அந்த அமைதியைக் கண்டு பயந்திருப்பான். தோமஸ் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை காலையிலேயே மூவாருக்குப் போனார். படகைத் தடவிப் பார்த்தார். திங்கட்கிழமை பணத்தோடு வருவதாக ரொனால்டிடம் சொல்லிவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே காரை ஓட்டி வந்தார். தெருமுனை திரும்பியதும் பாட்டு நின்றுவிட்டது. காரிலிருந்தபடியே அவருடைய கட்டில் தெரிந்தது. கட்டிலுக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மாட்டி வைக்க ஆணியில்லாமல் அவருடைய கைலி நாற்காலியில் கிடந்தது. செசிலியா கட்டிலில் உட்கார்ந்து, தெருவை வேடிக்கை பார்த்தபடி தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

“அலமாக், சுவர் எங்கடி?”

“வித்துட்டேன்.”

“சுவரையா?”

“தங்கம்னு நீங்கதானே சொன்னீங்க. நீங்க சொன்னதை ஒரு வார்த்தை விடாம ஃபேஸ்புக்ல போட்டேன். சிங்கப்பூர்க் காப்பிக்கடைக்காரன் ஆளுங்களோட லாரியில வந்து, அவனே கழட்டி எடுத்துட்டுப் போயிட்டான்.”

“பத்தாயிரம் குடுத்தானா?”

“நீங்க கொஞ்சம் கூடத்தான் சொல்லிட்டீங்க. ஆறாயிரம்.”

தோமஸ் அவசரமாக மனக்கணக்குப் போட்டார். அந்த ஆறாயிரம் போக, தன் கையிலிருந்து எட்டாயிரம். மிச்சத்தில் சின்னப் படகு ஒன்றாவது வாங்கலாம்.

“சரி, அதை மதிவாணன்கிட்ட குடு. மிச்சத்தை நான் போடறேன்.”

“அதுல வேளாங்கண்ணிக்கு டிக்கெட் போட்டாச்சுங்க. மதிவாணன் நாளன்னிக்கு வருவான். முழுப் பணத்தையும் நீங்க தருவீங்கன்னு சொல்லிருக்கேன்.”

மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் நின்றே அதை நன்றாகப் பார்க்க முடிந்தது. முதல் துளி அவர் தலையணையில் விழுந்தது. சின்னப் படகும் போயிற்று என்று தோமஸுக்குப் புரிந்தது. போகட்டும், மாதா சந்நிதியில் போய் நேரிலேயே முறையிட்டுக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

“எப்போ கிளம்பறோம்?”

“நானும் ஜாக்லினும் அடுத்த வாரம் போறோம்.”

“அப்ப நான்?”

செசிலியா தலையணையை எடுத்து ஈரத்தைத் தட்டினாள்.

“நல்லா கேட்டீங்க போங்க. சுவரில்லாத வீட்டைப் பூட்டிட்டா வர முடியும்?”