சாமிக்கு நேர்ந்துவிட்ட என் கால்

ஓசூரில் மாமாவை நல்ல கட்டுப்பாட்டில் வைத்துச் சௌக்கியமாக இருக்கும் மதிப்பிற்குரிய பானுமதி அத்தை அவர்களுக்கு, இண்டூர்ப் பக்கமிருந்து தம்பி மகள் பூவிழி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, எருமைகள் எல்லோரும் நலம். அப்பா தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு சென்னை போய், அங்கிருந்து ஆந்திரா போகிறார். வெள்ளிக்கிழமைதான் வருவார். போனில் சொல்லாமல் இவள் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், தெருவுக்கே கேட்கும், அதனால்தான். மற்றபடி உங்களிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்றும் இல்லை.

போன வருஷம் கோ-கோ ஆடும்போது விழுந்து, முழங்கால் எலும்பு விரிசல் விட்டு மாவுக்கட்டோடு கிடந்தேன், நீங்கள்கூட ஆட்டுக்கால் சூப்போடு வந்து பார்த்தீர்கள். நீங்கள் ஊருக்குப் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. அப்பா தீர்த்தமலை ஏறிப்போய், "எம்புள்ள கால் சரியாப் போச்சுன்னா இனிமே அவள ஓட வுடமாட்டேன் சாமி"ன்னு வேண்டிக்கொண்டு வந்துவிட்டார். ஊரில் எல்லோரும் பொங்கல் வைக்கிறேன், நடந்தே வருகிறேன் என்று தங்களால் ஆனதை வேண்டிக்கொள்வார்கள். உங்கள் தம்பி என்னால் ஆனதை வேண்டிக்கொண்டார். கால் சரியாகிவிட்டது, ஓடலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் டாக்டர் பெரியவரா சாமி பெரியவரா என்று அப்பா கேட்டால் யார் பதில் சொல்வது? பள்ளிக்கூடத்துக்கே வந்து, எங்கள் பி.டி. டீச்சர் நிர்மலாவிடம், புள்ளைக்கு ஓடாத வேலையாகப் பார்த்துக் கொடுங்கள் என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அப்படித்தான் நான் பிளஸ் ஒன்னில் பி.டி. அசிஸ்டென்ட் ஆனேன்.

பெரிய உத்தியோகம் அத்தை. பந்து ரூம் சாவி என் இடுப்பில், விசில் என் கழுத்தில். விசில் வைத்திருப்பவள் பேச்சை ஒருத்தரும் கேட்க மாட்டார்கள், பந்து வைத்திருப்பவள் பேச்சைத்தான் கேட்பார்கள் என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன். பி.டி. பீரியடைக் காப்பது வரப்பைக் காப்பது மாதிரி, கண் அசந்தால் பக்கத்து நிலத்துக்காரர் உள்ளே வந்துவிடுவார் என்பதையும் கற்றுக்கொண்டேன். கணக்கு வாத்தியார் குரு சார் ஒரே ஒரு கணக்குத்தான் என்று சொல்லி வாங்கிப்போன பீரியடுகளை இன்றுவரை திருப்பித் தரவில்லை. விளையாட்டு விழாவுக்கு மைதானத்தில் கோடு போடச் சுண்ணாம்புத் தூள் தீர்ந்துபோய், எதையாவது பார்த்துச் செய்யும்மா என்று டீச்சர் சொல்ல, நானும் எதையாவது பார்த்தேன், எங்கள் வீட்டில் மரவள்ளிக் கிழங்கு மாவு இருந்தது, வெள்ளையாகவும் இருந்தது, அதையே அள்ளிவந்து அழகாகக் கோடு போட்டேன். கொடியேற்றி, எல்லோரும் பேசி முடித்து, ஓட்டத்தைத் தொடங்க விசிலை ஊதிவிட்டுப் பார்த்தால், பெரியண்ணன் தாத்தாவின் ஆடுகள் அந்தப் பக்க வளைவிலிருந்து கோட்டை நக்கிக்கொண்டே வருகின்றன. பிள்ளைகள் கோடு இருந்த வரைக்கும் ஓடி, அது தீர்ந்த இடத்தில் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். அன்றைக்குத் தடம் மாறாமல் வந்தது ஆடுகள் மட்டும்தான். டீச்சர் திட்டவில்லை, ஆனால் தாத்தா திட்டினார், ஆட்டுக்கு வயிறு ஊதிப்போச்சாம்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை, போன வியாழக்கிழமை நடந்ததுதான் மானக்கேடு. உங்களுக்குக் கோ-கோ தெரியாது, அதனால் சொல்கிறேன். துரத்துகிற அணி வரிசையாகக் குந்தியிருக்கும். யார் முதுகில் தட்டி 'கோ' சொல்கிறார்களோ அவள்தான் எழுந்து துரத்த வேண்டும், அதுவரை எவ்வளவு துடித்தாலும் குந்தியே இருக்க வேண்டும். வரிசையின் கோடியில் நட்டிருக்கும் கம்பத்துக்குப் பக்கத்தில் நான் நடுவராக நின்றிருந்தேன். கேப்டன் ஐஸ்வர்யா கடைசிப் பெண்ணுக்குக் 'கோ' கொடுக்க ஓடி வந்தவள், வந்த வேகத்தில் தடுமாறி என் முதுகில் தட்டிக் 'கோ' என்றாள். கால் என்னைக் கேட்கவே இல்லை அத்தை. வாயிலிருந்த விசில் கத்தக் கத்த ஓடி, எதிரணிப் பெண்ணை மூலையில் மடக்கித் தொட்டுவிட்டுத்தான் நின்றேன். அப்புறம் நடுவர் என்ற முறையில் நானே கையைத் தூக்கி அவளுக்கு அவுட்டும் கொடுத்தேன்.

மைதானமே சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு பந்து ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முதுகில் அந்தக் கை பட்ட இடம் அன்றைக்கு முழுக்கச் சூடாகவே இருந்தது. ஒரு வருஷமாக யாரும் எனக்குக் 'கோ' சொல்லவில்லை. டீச்சர் கதவைத் தட்டி உள்ளே வந்து, "மாசக் கடைசில பென்னாகரத்துல போட்டி. டீம்ல ஒரு எடத்த இன்னும் எழுதாம வச்சிருக்கேன். உங்கப்பாகிட்ட ஒரு வார்த்த வாங்கிட்டு வா, போதும்" என்றார். சாமி விஷயம், வேண்டாங்க டீச்சர் என்று சொல்லிவிட்டுப் பந்துக்குக் காற்றடிக்கப் போய்விட்டேன்.

ஆகவே எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உத்தியோகம் நன்றாகப் போகிறது. ஓட வேண்டும் என்ற ஆசை அறவே விட்டுப்போய்விட்டது. இதைப் பற்றி அப்பாவிடம் நீங்கள் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலிக்குத் தைலம் தேயுங்கள், குணமாகும். அப்பாவை விட்டு வேண்டிக்கொள்ளச் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் காலைத் தொட்டு வணங்கும்,
பூவிழி

பி.கு.: மேலே உள்ளதைச் சனிக்கிழமை எழுதி, தபாலில் போடாமல் வைத்திருந்தேன். அம்மா எடுத்துப் படித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைப் பஸ் ஏற்றித் தீர்த்தமலைக்குக் கூட்டிப்போனாள். நேர்ந்ததை மாற்றி வேறொன்று கொடுக்கலாமா என்று கோயிலில் கேட்டாள். கொடுக்கிறவருக்கு அது பெரிதாக இருந்தால் சாமி வாங்கிக்கொள்வார் என்று ஐயர் சொன்னார். அம்மா என் சடையைப் பார்த்தாள். அதற்கு எண்ணெய் வைத்து, சீவி, பின்னியே அவளுக்குப் பாதி வயசு போயிருக்கிறது. "சடையா ஓட்டமா, உனக்கு எது பெருசுன்னு நீயே சொல்லு பாப்பா" என்றாள். சொன்னேன்.

மொட்டை போட்டாச்சு அத்தை. நானும் அம்மாவும் வெள்ளிக்கிழமையை நினைத்துப் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறோம். அப்பா வூட்டுக்குள் நுழைந்ததும் என் தலையைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அக்கா பேச்சை அவர் தட்டியதே இல்லை. தயவுசெய்து வியாழக்கிழமையே வந்துவிடுங்கள். ஆசை விட்டுப்போய்விட்டது என்று எழுதியதெல்லாம் பொய். நான் ஓடணும் அத்தை.