குடைக்கு ஒரு ஜோடி

நெருப்பைக் கண்டுபிடித்ததும் சக்கரத்தைக் கண்டுபிடித்ததும் மனிதகுலம் கை பழகுவதற்காகச் செய்த சில்லறை வேலைகள். குடையையும் இன்னொரு பொருளையும் ஒன்றாக்கிப் படம் வரைய வேண்டும் என்று அந்த விளம்பர அலுவலகம் முடிவெடுத்த அன்றுதான் நாகரிகம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

வரைய வேண்டியவளை அலுவலகத்தில் 'கோடு' என்று கூப்பிட்டார்கள். கணினித் திரையில் அவள் இழுக்கும் கோடு அத்தனை சுத்தம். வேலை மட்டும் தற்காலிகம். "இந்தப் படம் நல்லா வந்தா உன்னை நிரந்தரமாக்கிடலாம்மா" என்று படைப்புத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். தலைவர் லேசுப்பட்டவர் அல்ல. வாழ்நாளில் ஒரு கோடுகூடப் போடாமல் படைப்புத் துறையின் உச்சிக்கு ஏறியவர். அதற்கு எத்தனை மன உறுதி வேண்டும்!

குடைக் கம்பெனி முதலாளி கேட்டது ஒரு சுவரொட்டி. தலைவர் அதை 'பொருள் இணைவு' ஆக்கினார். "குடைக்குச் சம்பந்தமே இல்லாத பொருளா இருக்கணும். பாக்கறவனுக்கு மூச்சு நிக்கணும்."

மூச்சை நிறுத்தும் பொருளைத் தேர்ந்தெடுக்கக் குழு கூடியது. தலைவர், வாசகம் எழுதுபவர், மேலாளர், ஓரத்தில் கோடு.

"செருப்பு?" என்றார் வாசகக்காரர்.

"ரெண்டையும் வாசல்லதான் விடறோம். நெருங்கின சொந்தம்" என்று தலைவர் தள்ளுபடி செய்தார்.

"ஸ்பூன்?"

"ரெண்டுக்கும் கைப்பிடி இருக்கு. பங்காளிங்க."

மேலாளர் யோசித்துச் சொன்னார்: "தலையணை?"

"குடையை மறந்துட்டு வந்துடறோம். தலையணையை யாராவது மறக்கறாங்களா?"

"அப்ப சம்பந்தம் இல்லையே சார்?"

"இல்லாமத்தான் இருந்துது. இப்ப நாம ரெண்டையும் சேர்த்துப் பேசிட்டமே!"

மற்றவர்கள் விட்டத்தைப் பார்த்து யோசித்தார்கள். கோடு மட்டும் தாளில் கிறுக்கியதை அழித்துக்கொண்டிருந்தாள். தலைவர் எழுந்து நின்றார்.

"கையில என்னம்மா அது?"

"ரப்பர் சார்."

"அதேதான்!"

'குடைக்கும் ரப்பருக்கும் தொடர்பின்மை ஒருமனதாக உறுதி செய்யப்பட்டது' என்று தீர்மானம் நிறைவேறியது.

வீட்டில் கோடு இதை அக்காவிடம் சொன்னாள். அக்கா மருத்துவமனையில் செவிலி. நாள் முழுக்க நின்ற காலை நீட்டிக்கொண்டு கேட்டாள். "ரப்பர்ல குடை செஞ்சா நனையாதுல்ல? அப்ப சம்பந்தம் இருக்கேடி."

"மெதுவா பேசுக்கா. அவங்க காதுல விழுந்தா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க."

கோடு வரைய உட்கார்ந்தாள். திரை முழுக்கச் சாய்ந்து விழும் பென்சில் கோடுகளாய் மழை. நடுவில் ஒரு பெண் பிடித்திருந்த குடையின் மேல்பாகம், தேய்ந்து முனை மழுங்கிய ரப்பர். அவள் நடந்து வந்த வழியெங்கும் மழை அழிந்திருந்தது. லேசான கரித்தடமும் வெள்ளைத்தாளும்தான் மிச்சம். தோளில் ரப்பர்த் துகள்கள். முடித்ததும் கோடு தன் படத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை நிரந்தரமாக வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

தலைவர் பார்த்தார். மூச்சு நிற்கவில்லை, பெருமூச்சாக வந்தது.

"நல்லா இருக்கு. அதுதாம்மா பிரச்சினை."

"புரியல சார்."

"ரெண்டும் பொருந்திப்போச்சே! பிறந்ததுலேர்ந்து ஒண்ணா இருந்த மாதிரி இருக்கு. சம்பந்தம் வந்துடுச்சு. கொஞ்சம் தள்ளி வை."

தள்ளி வைத்தாள். இன்னும் தள்ளச் சொன்னார். கடைசியில் குடை இடது மூலையிலும் ரப்பர் வலது மூலையிலும் போய் நின்றன, பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி. தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்பத்தான் இணைஞ்சிருக்கு."

குடைக் கம்பெனி முதலாளி வந்தார். படத்தைத் திறக்கும்போது கோட்டின் கை தவறியது. தவறுவதென்று கை ஏற்கெனவே முடிவு செய்திருக்கவும் கூடும். திரையில் விரிந்தது முதலில் வரைந்த படம். தலைவர் பதறி எழுந்தார். முதலாளி அவரைக் கையமர்த்தினார்.

"அட, மழையை அழிச்சிட்டுப் போகுது! எனக்கு இதுதான் வேணும். யாருங்க யோசிச்சது?"

கோடு வாயைத் திறந்தாள். தலைவர் தொண்டையைச் செருமினார். "நாங்க ஒரு குழுவா யோசிச்சோம்." தன்னடக்கம் அதற்குமேல் தாங்கவில்லை. "குழுவுக்குத் தலைவர் நான்."

படம் ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. கோட்டின் வேலை நிரந்தரமானது. தலைவர் சொன்ன சொல் தவறாதவர். படத்துக்குப் பரிசும் கிடைத்தது. விழாவுக்கு அக்காவையும் கூட்டிப்போனாள். மேடையில் பொன்னாடை போர்த்திய தலைவர், அந்தப் படத்தைப் பெற்றெடுக்கத் தான் பட்ட வலியைத் தழுதழுத்த குரலில் விவரித்தார். பின்னால் பெரிய திரையில் மழையும் குடையும். அடியில் கொட்டை எழுத்தில் அவர் பெயர்.

அக்கா காதோரம் குனிந்தாள். "ஏண்டி, இந்த மனுஷனுக்கு ஒரு கோடு போடத் தெரியாதுன்னு சொன்னே?"

கோடு கைதட்டுவதை நிறுத்தவில்லை.

"சம்பந்தமே இல்லாத ரெண்டை ஒட்டுத் தெரியாம சேர்க்கறதுக்குத்தானேக்கா பரிசு? அந்தப் படத்தோட அந்தப் பேரை எப்படிச் சேர்த்திருக்கார் பாரு!"